கழுத்து வலிக்கு டயக்னாஸ்டிக் நர்வ் பிளாக்: செடேஷன் எடுக்கணுமா, வேண்டாமா? முதல் தடவை போறவங்களுக்கு

கழுத்து வலி மாசக்கணக்கா இருந்து, எக்ஸ்ரே எம்.ஆர்.ஐ எல்லாம் எடுத்தும் "தேய்மானம் கொஞ்சம் இருக்கு"ங்கிற ஒரு வரியத் தவிர ஒண்ணும் தேறாம, கடைசில பெயின் கிளினிக்ல "ஒரு டயக்னாஸ்டிக் பிளாக் போட்டுப் பார்த்துடலாம்"னு சொல்லியிருக்காங்களா, அப்போ இது உங்களுக்குத்தான். பிளாக்னா, வலி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்க ஒரு நரம்ப கொஞ்ச நேரம் மரத்துப் போக வைக்கிற ஊசி. எனக்கு முதல்ல பிளாக் போட்ட இடத்துல செடேஷன், அதாவது பதட்டத்த குறைச்சு தூக்கம் வர வைக்கிற மயக்க மருந்து, எல்லாருக்கும் பொதுவா குடுக்கிறது, வேணுமா வேண்டாமான்னு ஒரு கேள்வி கூட கிடையாது. தூங்கி எழுந்தேன், வலி இல்ல, ராத்திரி திரும்ப வந்துடுச்சு, போனது பிளாக்காலயா மயக்க மருந்தாலயான்னு யாராலயும் சொல்ல முடியல. இன்சூரன்ஸ்லயும் அந்த ரிசல்ட் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க, மறுபடி முதல்ல இருந்து. அந்த அலைச்சல்ல தெரிஞ்சுக்கிட்டத வரிசையா எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, உங்க உடம்பு விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை, ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுட்டுப் போனா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

1. இது வைத்தியம் இல்ல, டெஸ்ட். இத முதல்ல மனசுல வாங்கிக்கோங்க

கழுத்து எலும்புகளுக்குப் பின்பக்கம் ரெண்டு சைடுலயும் சின்னச் சின்ன மூட்டு இருக்கு, ஃபேசட் ஜாயிண்ட்டுனு சொல்வாங்க. நாள்பட்ட கழுத்து வலியில நிறைய பேருக்கு, குறிப்பா வண்டில பின்னாடி இருந்து இடி வாங்கி கழுத்து வெட்டி இழுத்தவங்களுக்கு, வலி இங்க இருந்துதான் வரும். பிரச்சனை என்னன்னா ஸ்கேன்ல இது பிடிபடாது. தேஞ்சு போன மூட்டு வலிக்காம இருக்கும், ஸ்கேன்ல சுத்தமா இருக்கிற மூட்டு உயிர எடுக்கும். அதனால அந்த மூட்டுக்குப் போற மீடியல் பிராஞ்ச்னு சொல்ற குட்டி நரம்ப மரத்துப் போக வெச்சு, வலி போகுதான்னு பாக்குறாங்க. போச்சுன்னா மூட்டுதான் காரணம். போகலன்னா வேற எங்கயோ தேடணும்.

ஒரு மூட்டுக்கு பெரும்பாலும் ரெண்டு நரம்பு, சி5-சி6 மூட்டுன்னா (கழுத்து எலும்புகளுக்கு மேல இருந்து சி1, சி2ன்னு நம்பர்) சி5, சி6 ரெண்டு மீடியல் பிராஞ்சுலயும் போடணும். சி2-சி3 மட்டும் விதிவிலக்கு, அதுக்கு மூணாவது ஆக்ஸிபிட்டல் நரம்புன்னு தனியா ஒண்ணு. ஒவ்வொரு நரம்புக்கும் போற மருந்து அரை மில்லிக்கும் கம்மிதான், ஏன்னா அதிகமா போட்டா பக்கத்து நரம்புக்கும் பரவி யார் குற்றவாளின்னு தெரியாம போயிடும்.

மருந்தோட வேலை சில மணி நேரம்தான். லிக்னோகெய்ன் சீக்கிரம் இறங்கிடும், புபிவகெய்ன் இன்னும் கொஞ்சம் நேரம் நிக்கும். சாயங்காலமோ ராத்திரியோ வலி திரும்பி வரும், வரணும். "ஊசி போட்டும் குணமாகல"ன்னு நொந்து போறவங்க இந்த இடத்துலதான் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. அந்தச் சில மணி நேரத்துல வலி எவ்வளவு குறைஞ்சதுன்னு நீங்க சொல்றதுதான் மொத்த ரிசல்ட்டும். ரத்த டெஸ்ட் மாதிரி மெஷின் நம்பர் குடுக்காது, மெஷினே நீங்கதான். அந்த மெஷினுக்கு மயக்க மருந்து குடுத்தா என்ன ஆகும்னு இப்போ யோசிங்க.

2. செடேஷன் எப்படி ரிசல்ட்ட கெடுக்குதுன்னு புரிஞ்சுக்கோங்க

வழக்கமா குடுக்கிறது மிடஸோலம், அதோட ஃபென்டனில், சில இடத்துல புரோபோஃபால். மூணும் மூணு விதமா கெடுக்கும்.

ஃபென்டனில் ஓபியாய்டு வகை, அதுவே வலுவான வலி மருந்து. கழுத்து வலி மட்டும் இல்ல, உடம்புல எந்த வலி இருந்தாலும் அமுக்கிடும். அத ஏத்திட்டு "வலி குறைஞ்சுதா"ன்னு கேட்டா குறைஞ்சுதுன்னுதான் சொல்வீங்க, பிளாக் சரியான நரம்புல விழாட்டியும் கூட.

மிடஸோலம் நேரடியா வலி மருந்து இல்ல, ஆனா பதட்டத்த எடுத்துடும், தசை இறுக்கத்த தளர்த்தும், எல்லாத்துக்கும் மேல ஞாபகத்த அழிச்சுடும். ஊசிக்கு அப்புறம் அரை மணி நேரத்துல கழுத்த திருப்பிப் பாத்தீங்களா, வலி எத்தனைன்னு மறுநாள் கேட்டா, நர்ஸ்கிட்ட சிரிச்சுப் பேசினது கூட நினைவுல இருக்காது. பேசிட்டே இருந்திருப்பீங்க, முழிச்சுட்டுதான் இருந்திருப்பீங்க, பதிவாகி இருக்காது.

புரோபோஃபால்ல நல்லா தூங்கிடுவீங்க. சீக்கிரம் தெளியும், உண்மைதான், ஆனா ஊசி போடுற நேரத்துல உங்க வாய் மூடி இருக்கும். அதுதான் அடுத்த விஷயம், இத நான் ரிசல்ட் கெடுறதை விட பெருசா நினைக்கிறேன்.

கழுத்துல ஊசி போற வழிக்குப் பக்கத்துலயே முதுகுத்தண்டு நரம்பும் மூளைக்குப் போற ரத்தக்குழாயும் இருக்கு. ஊசி தப்பான இடத்த தொட்டா முதல்ல தெரியறது உங்களுக்குத்தான், கைக்கு ஷாக் அடிச்ச மாதிரி இழுக்கும், உடனே சொல்வீங்க, டாக்டர் நிறுத்துவார். தூங்கிட்டு இருந்தா யார் சொல்றது? அமெரிக்காவுல கழுத்து ஊசி சம்பந்தமான இழப்பீட்டு கேஸ்கள எடுத்து அலசி 2011ல ஒரு ஆய்வு வந்துச்சு: முதுகுத்தண்டு நரம்பு பாதிச்சவங்கள்ல 67% பேருக்கு செடேஷனோ முழு மயக்கமோ குடுத்திருந்தாங்க, அந்த பாதிப்பு இல்லாத கேஸ்கள்ல அது 19% தான். இது கேஸ் போட்டவங்களோட கணக்கு, எல்லா விதமான கழுத்து ஊசியும் சேர்ந்தது, அதனால "செடேஷன் எடுத்தா 67% ஆபத்து"ன்னு யாரும் படிச்சுடாதீங்க. அனுபவமுள்ள டாக்டர் சி-ஆர்ம் (உடனுக்குடன் எக்ஸ்ரே படம் காட்டுற மெஷின்) பாத்து போடுற மீடியல் பிராஞ்ச் பிளாக்ல இந்த மாதிரி பெரிய பாதிப்பு ரொம்ப அபூர்வம். ஆனா அபூர்வமா நடக்கிறப்போ குரல் குடுக்க ஆள் முழிச்சிருக்கணும்.

ரிசல்ட் பக்கமும் ஆதாரம் இருக்கு. ஒரே ஆளுக்கு ஒரு தடவை செடேஷனோடயும் ஒரு தடவை இல்லாமயும் டயக்னாஸ்டிக் ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2014ல வந்துச்சு, செடேஷனோட போட்டப்போ "வலி போச்சு"ன்னு சொன்னது அதிகமா இருந்துச்சு, ஆனா நாள் போன பிறகு பாத்தா அதுக்கேத்த நன்மை இல்ல. அதுல இருந்தது கழுத்து பிளாக் இல்ல, வேற இடத்து ஊசிகள், ஆனா லாஜிக் அதேதான். கழுத்து ஃபேசட்டுக்குன்னே பல சங்கங்கள் சேர்ந்து 2021 கடைசில வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் டயக்னாஸ்டிக் பிளாக்குக்கு வழக்கமா எல்லாருக்கும் செடேஷன் வேண்டாம்னுதான் நிலைப்பாடு.

இதுல இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க: செடேஷனே இல்லாம போட்டாலும் ஒத்த பிளாக் பொய் சொல்லும். கழுத்துல ஒரே ஒரு பிளாக்க நம்பினா தப்பா பாசிட்டிவ் வர்றது 27%னு 1993ல ஒரு ஆய்வுல வந்துச்சு, அதனாலதான் நிறைய இடத்துல வேற நாள்ல ரெண்டாவது பிளாக் போட்டு சரிபார்க்கிறாங்க. ஏற்கனவே நாலுல ஒண்ணு பொய் சொல்ற டெஸ்ட், அதுக்கு மேல மயக்க மருந்த வேற ஊத்தணுமா?

3. "செடேஷன்"னா எந்த அளவுன்னு கேளுங்க

அந்த ஒரே வார்த்தைய வெச்சு நாலு விஷயத்த சொல்வாங்க. முதல் அளவு, பதட்டம் குறையற மாதிரி லேசா, பேசுவீங்க, சாதாரணமா பதில் சொல்வீங்க. ரெண்டாவது, அரைத்தூக்கம், கூப்பிட்டா முழிப்பீங்க. மூணாவது ஆழமான தூக்கம், உலுக்கினாதான் அசைவீங்க. நாலாவது முழு மயக்கம். டயக்னாஸ்டிக் பிளாக்குக்கு மூணும் நாலும் தேவையே இல்லன்னு தைரியமா சொல்லலாம், யாராவது அதத்தான் குடுப்போம்னா ஏன்னு காரணம் கேளுங்க.

"லேசாதான் குடுப்போம் சார், கவலப்படாதீங்க"ங்கிற பதில் போதாது. மருந்து பேர் என்ன, ஓபியாய்டு உண்டா இல்லையா, ரெண்டு கேள்வி. இத கேட்டதும் பதில் சொல்ற விதத்துலயே அந்த இடம் எப்படின்னு புரிஞ்சுடும்.

4. உங்களுக்கு நிஜமாவே வேணுமான்னு உங்களையே கேளுங்க

பயம் இயல்பு. கழுத்துல ஊசின்னு கேட்டாலே வயித்த கலக்கும், எனக்கும் கலக்குச்சு. ஆனா நடக்கிறது என்னன்னா, மெல்லிசான ஊசி, தோல்ல மரத்துப் போற மருந்து போடுறப்போ ஒரு எரிச்சல், அப்புறம் உள்ள அழுத்துற மாதிரி, எலும்பத் தொடுறப்போ ஒரு மந்தமான குடைச்சல். மொத்தமே கால் மணியில இருந்து அரை மணிக்குள்ள முடியும். பெரும்பாலானவங்களால தாங்க முடியற அளவுதான்.

பயத்த குறைக்க மருந்து இல்லாத வழி நிறைய இருக்கு, யாரும் சொல்றதில்ல, கேட்டா செய்வாங்க. ஒரு மணி நேரம் முன்னாடி தோல்ல மரத்துப் போற கிரீம் தடவிக்கலாம். லோக்கல் மருந்த, அதாவது அந்த இடத்த மட்டும் மரத்துப் போக வைக்கிற மருந்த, மெதுவா ஏத்தச் சொல்லலாம். ஒவ்வொரு ஸ்டெப்பும் "இப்போ குத்துறேன், இப்போ அழுத்தும்"னு சொல்லிட்டே பண்ணச் சொல்லலாம், இது எனக்கு ரொம்ப உதவுச்சு. பாட்டு கேட்டுட்டு படுத்திருக்கலாம். "நிறுத்துங்க"ன்னா நிறுத்துவீங்களான்னு முன்னாடியே கேட்டு வாக்கு வாங்கிக்கலாம். தலைய மட்டும் அசைக்கக் கூடாது, வாய அசைக்கலாம்.

அப்படியும் சிலருக்கு செடேஷன் நியாயமாவே வேணும். ஊசிய பாத்தாலே மயங்கி விழறவங்க, கடுமையான பதட்ட நோய் இருக்கிறவங்க, நடுக்கத்தால அசையாம படுக்க முடியாதவங்க. அசைஞ்சுட்டே இருந்தா அதுவும் ஆபத்துதானே. அவங்க வெக்கப்பட வேண்டியது இல்ல, 10வது ஸ்டெப்ல அவங்களுக்கு எழுதியிருக்கேன்.

5. புக் பண்ணும்போதே கேட்டு எழுதி வாங்குங்க

இதுதான் பெரிய ட்ராப். டாக்டர் ரூம்ல "செடேஷன் வேண்டாம்"னு பேசி முடிச்சிருப்பீங்க, ஆனா புக்கிங் டெஸ்க்ல இருக்கிறவங்க எப்பவும் போடுற பாக்கேஜ்ல போட்டிருப்பாங்க, அன்னைக்குப் போனா கையில ஐ.வி லைன் போட்டு மருந்தும் ரெடியா இருக்கும், அரை டிரஸ்ல படுத்துட்டு சண்டை போடவா முடியும்? அதனால புக்கிங் சீட்டுலயே "லோக்கல் மட்டும்"னு எழுதச் சொல்லுங்க. ஐ.வி லைன் போடுறது தப்பில்ல, அவசரத்துக்குன்னு போட்டு வெப்பாங்க, அதுல என்ன ஏத்துறாங்கங்கிறதுதான் விஷயம்.

அப்போவே இதையும் கேட்டுடுங்க: எந்த மூட்டு, எந்தப் பக்கம், லிக்னோகெய்னா புபிவகெய்னா, ஸ்டீராய்டு கலப்பீங்களா (டெஸ்ட்டுக்கு அது தேவையில்ல, கலந்தா ரிசல்ட் குழம்பும், சுகர் இருக்கிறவங்களுக்கு சுகர் ஏறும்), வலி எத்தனை சதவீதம் குறைஞ்சா பாசிட்டிவ்னு எடுத்துப்பீங்க, ரெண்டாவது பிளாக் உண்டா, ஊசிக்கு அப்புறம் வலி நம்பர் எழுதுற டைரி ஃபார்ம் நீங்க தருவீங்களா. அந்த சதவீதக் கேள்விய விட்டுடாதீங்க. சிலர் 50% போதும்பாங்க, சிலர் 80% கேப்பாங்க, இன்சூரன்ஸ் ஒரு கணக்கு வெச்சிருக்கும். டெஸ்ட் முடிஞ்ச பிறகு இது தெரிய வந்தா என்ன பிரயோஜனம்.

6. பேப்பர்கள்

ஒரு ஃபைல் போட்டு வெச்சுக்கோங்க. பழைய எம்.ஆர்.ஐ, எக்ஸ்ரே ரிப்போர்ட்டும் படமும். பிசியோதெரபி போனதுக்கான சீட்டுங்க, தேதியோட, ஏன்னா இன்சூரன்ஸ் முதல்ல கேக்கிறது "மத்த வைத்தியம் பாத்தாச்சா"ன்னுதான். இப்போ சாப்பிடுற எல்லா மாத்திரையோட லிஸ்ட், டோஸோட, தூக்க மாத்திரையும் சத்து மாத்திரையும் சேர்த்து. அலர்ஜி லிஸ்ட், குறிப்பா மரத்துப் போற ஊசிக்கோ அயோடின் டைக்கோ ஏதாவது ஆகியிருந்தா, ஏன்னா ஊசி முனை எங்க இருக்குன்னு பாக்க டை கொஞ்சம் விடுவாங்க. இதுக்கு முன்னாடி மயக்க மருந்துல ஏதாவது பிரச்சனை வந்திருந்தா அந்த டிஸ்சார்ஜ் சம்மரி.

கன்சென்ட் ஃபார்ம முந்தின நாளே வாங்கிப் படிங்க. நிறைய இடத்துல ஊசிக்கும் செடேஷனுக்கும் ஒரே ஃபார்ம், நீங்க கையெழுத்து போட்டா ரெண்டுக்கும் சம்மதம்னு ஆயிடும். செடேஷன் வேண்டாம்னா அந்த வரிய அடிச்சுட்டு பக்கத்துல சின்ன கையெழுத்து போடலாமான்னு கேளுங்க, இல்லன்னா தனி ஃபார்ம் கேளுங்க. மிடஸோலம் ஏத்தின பிறகு எதுலயும் கையெழுத்து வாங்கக் கூடாது, குடுக்கவும் குடுக்காதீங்க.

7. செலவு எங்க ஏறுதுன்னு பாருங்க

பில்லுல தனித்தனியா வரும்: டாக்டர் ஃபீஸ், தியேட்டர் இல்ல ப்ரொசீஜர் ரூம் வாடகை, சி-ஆர்ம் சார்ஜ், மருந்து. எத்தனை லெவல்ல, அதாவது எத்தனை மூட்டுக்கு, போடுறாங்கங்கிறத வெச்சு இது மாறும். செடேஷன்னு வந்தா மயக்க டாக்டர் ஃபீஸ், மானிட்டரிங், ரிக்கவரி பெட், மயக்க மருந்துன்னு இன்னொரு அடுக்கு மேல உக்காரும். அதோட உங்க கூட வர்ற ஆளோட ஒரு நாள் லீவு, மறுநாள் உங்க லீவு, இதெல்லாம் பில்லுல வராத செலவு.

இன்சூரன்ஸ் இருக்கிறவங்க முன் அனுமதி வாங்கும்போது தனியா ஒரு கேள்வி போடுங்க: "டயக்னாஸ்டிக் பிளாக்குக்கு செடேஷன் கவர் ஆகுமா, செடேஷனோட எடுத்த ரிசல்ட்ட அடுத்த கட்ட வைத்தியத்துக்கு ஒத்துப்பீங்களா?" ரெண்டாவது பாதிதான் முக்கியம். பிளாக்குக்கு பணம் குடுத்துட்டு, அடுத்து ரேடியோ ஃப்ரீக்வென்சிக்கு (அந்த நரம்ப சூட்டுல செயலிழக்க வைக்கிற வைத்தியம்) அப்ளை பண்ணும்போது "அந்த டெஸ்ட் செடேஷன்ல எடுத்தது"ன்னு திருப்பி அனுப்பினா மறுபடி பிளாக், மறுபடி பில். போன்ல சொன்னத நம்பாதீங்க, மெயில்ல பதில் வாங்குங்க. ரெண்டு பிளாக் வேணும்னா ரெண்டுக்கும் சேர்த்தே எஸ்டிமேட் கேளுங்க.

8. முந்தின நாளும் அன்னைக்கு காலையும்

வலி மாத்திரை விஷயம். பிளாக் போடுறப்போ வலி இருக்கணும். வலியே இல்லாத நாள்ல போய் படுத்தா எது குறைஞ்சதுன்னு சொல்வீங்க? அதனால அப்பப்போ போடுற வலி மாத்திரைய அன்னைக்கு காலையில போடாதீங்கன்னு பொதுவா சொல்வாங்க, எத்தனை மணி நேரத்துக்கு முன்னாடி நிறுத்தணும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஆனா தினம் எடுக்கிற ஓபியாய்டோ, தூக்க மாத்திரையோ, வலிப்பு மாத்திரையோ, பிரஷர் மாத்திரையோ நீங்களா நிறுத்தவே கூடாது. ரத்தம் உறையாம இருக்க சாப்பிடுற மாத்திரைய பத்தி அத எழுதிக் குடுத்த டாக்டரும் ஊசி போடுற டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும், இந்த வகை பிளாக்குக்கு பல நேரம் நிறுத்தவே தேவைப்படாது, சும்மா நிறுத்தினா இதயத்துக்கும் மூளைக்கும்தான் ஆபத்து.

சாப்பாடு. லோக்கல் மட்டும்னா பெரும்பாலும் லேசா சாப்பிட்டுட்டு வரலாம், வெறும் வயித்தோட போனா மயக்கம்தான் வரும். செடேஷன் உண்டுன்னா கதையே வேற: லேசான சாப்பாடு 6 மணி நேரம் முன்னாடி, எண்ணெய் அயிட்டம், கறின்னா 8 மணி நேரம், தண்ணி மாதிரி தெளிவான திரவம் 2 மணி நேரம் வரைக்கும், இதுதான் பொதுவான கணக்கு. பால் கலந்த டீ காபி தெளிவான திரவம் இல்ல! "ஒரு வாய் காபிதானே"ன்னு குடிச்சுட்டு போனா ஊசிய தள்ளிப் போட்டுடுவாங்க. சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க பட்டினி நாளுக்கு டோஸ் எப்படின்னு கேட்டுட்டு வாங்க. எடை குறைக்க இல்ல சுகருக்குன்னு செமாக்ளூடைட் மாதிரி ஊசி போடுறவங்க கட்டாயம் சொல்லணும், வயித்துல சாப்பாடு தங்கி நிக்கும், செடேஷன்ல வாந்தி எடுத்து நுரையீரலுக்குப் போற அபாயம்.

குறட்டை, தூக்கத்துல மூச்சு நிக்கிற பிரச்சனை இருந்தா அதையும் மறைக்காதீங்க.

காய்ச்சல், கழுத்துத் தோல்ல புண்ணு, புதுசா ஆன்டிபயாடிக் இதுல ஏதாவது இருந்தா போன் பண்ணி சொல்லிடுங்க, தள்ளிப் போட வேண்டி வரும்.

9. டேபிள்ல

படுக்க வைக்கிறது குப்புறவோ ஒருக்களிச்சோ. ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி வலி எத்தனைன்னு பத்துக்கு ஒரு நம்பர் சொல்லி அத பேப்பர்ல எழுத வைங்க, எந்தப் பக்கம்னும் ஒரு தடவை வாய்விட்டு சொல்லுங்க. கழுத்த எந்தப் பக்கம் திருப்பினா வலி ஏறுதுன்னு செஞ்சு பாத்துட்டுப் போங்க, வெளிய வந்து அதையேதான் மறுபடி செய்யப் போறீங்க.

அப்புறம் கடைசி நிமிஷ வலை ஒண்ணு இருக்கு. "கொஞ்சமா ரிலாக்ஸ் ஆக ஒண்ணு குடுக்கட்டுமா?"ன்னு அன்பா கேப்பாங்க. அந்த பதட்டத்துல யாரா இருந்தாலும் சரின்னுதான் வரும். இது டயக்னாஸ்டிக், லோக்கல் மட்டும்னு பேசியாச்சுன்னு ஒரே வரியில சொல்லிடுங்க, நீங்க சொல்ல முடியாட்டி கூட வந்தவங்க சொல்லட்டும்.

ஊசி உள்ள போறப்போ கைக்கோ காலுக்கோ ஷாக் மாதிரி வந்தா, மூச்சு ஒரு மாதிரி ஆனா, காது இரைஞ்சா, வாய் மரத்தா, உடனே சொல்லுங்க. "தொந்தரவு பண்ண வேண்டாம்"னு பல்லக் கடிச்சுட்டு இருக்கிறது நம்ம பழக்கம், இங்க அது வேண்டாம்.

மூணாவது ஆக்ஸிபிட்டல் நரம்புல போட்டிருந்தா பின்மண்டையில ஒரு இடம் மரத்து, எழுந்து நின்னா தள்ளாடும். பயப்பட வேண்டாம், மருந்து இறங்கினா சரியாயிடும், ஆனா செடேஷனே இல்லாட்டியும் அன்னைக்கு வண்டி ஓட்டாதீங்க.

10. செடேஷன் எடுத்தே ஆகணும்னா

அப்போ கேக்க வேண்டியது இதுதான். ஓபியாய்டு இல்லாம, பதட்டத்துக்கு மட்டும், குறைஞ்ச அளவு, பேசுற நிலையிலயே இருக்கணும். லோக்கல் மருந்து நீண்ட நேரம் நிக்கிற புபிவகெய்னா இருந்தா நல்லது, மயக்கம் தெளிஞ்ச பிறகும் பிளாக் வேலை செஞ்சுட்டு இருக்கும், அந்த நேரத்துல கழுத்த சோதிச்சுப் பாக்கலாம். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு ரிப்போர்ட்ல ஏறணும், "செடேஷன் குடுக்கப்பட்டது"ன்னு மொட்டையா வேண்டாம். ஆக்ஸிஜன், விரல்ல மாட்டுற மானிட்டர், பிரஷர், மூச்சு, எல்லாத்தையும் பாக்குறதுக்குன்னே தனியா ஒரு ஆள் இருக்காங்களான்னு கேளுங்க, ஊசி போடுற டாக்டரே மயக்கத்தையும் பாத்துக்கிறது சரியில்ல. ரெண்டாவது பிளாக் உண்டுன்னா முடிஞ்சா அத செடேஷன் இல்லாம முயற்சி பண்ணுங்க, ஒரு தடவை அனுபவப்பட்ட பிறகு பயம் பாதியாயிடும்.

கூட ஒரு பெரியவங்க கண்டிப்பா வரணும், வீட்டுக்கு வந்தும் கூட இருக்கணும். 24 மணி நேரத்துக்கு வண்டி, மெஷின், கேஸ் அடுப்புல பெரிய சமையல், பத்திரத்துல கையெழுத்து, பணம் அனுப்புறது, தண்ணி அடிக்கிறது எதுவும் வேண்டாம்.

11. டைரி. மொத்த டெஸ்ட்டும் இதுதான்

வீட்டுக்குப் போய் படுத்துத் தூங்குறது தான் எல்லாரும் பண்றது. தூங்கி எழுறதுக்குள்ள மருந்து இறங்கிடும், டெஸ்ட் போச்சு. செடேஷன் எடுத்தவங்களுக்கு இது இன்னும் மோசம், கண்ணே திறக்காது, அதனால கூட வந்தவங்க கையில பேப்பர குடுத்து உங்ககிட்ட கேட்டுக் கேட்டு எழுத சொல்லுங்க.

ஊசிக்கு முன்னாடி ஒரு நம்பர், அப்புறம் கால் மணி, அரை மணி, ஒரு மணி, அதுல இருந்து ஒவ்வொரு மணிக்கும், வலி பழையபடி வர்ற வரைக்கும். நம்பர் பக்கத்துல என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னும் எழுதுங்க. சும்மா சாஞ்சு உக்காந்திருந்து "வலி 1"னு எழுதினா அர்த்தமே இல்ல, சாஞ்சிருந்தா எப்பவும்தான் குறையும். வழக்கமா வலிய கிளப்புற வேலைய செய்யுங்க: கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருங்க, திரும்பிப் பாருங்க, அண்ணாந்து பாருங்க. அதுக்காக மூட்டை தூக்க வேண்டாம்.

ரெண்டு வலிய பிரிச்சு எழுதணும். ஊசி குத்தின இடத்துல தோல் வலி, அது புதுசு, அத கணக்குல சேர்க்காதீங்க. உங்க பழைய வலி எங்க இருந்துச்சோ அதுக்கு மட்டும் நம்பர். கழுத்து ஃபுல்லா போயி தோள்பட்டை மட்டும் அப்படியே இருந்தா அப்படியே எழுதுங்க, சராசரி போடாதீங்க, அதுவே டாக்டருக்கு பெரிய தகவல். அன்னைக்கு வலி மாத்திரை எடுத்தா நேரத்தோட குறிங்க. டாக்டர் மனசு நோகக்கூடாதுன்னு நல்ல நம்பர் போடுறவங்களும் உண்டு, பாவம், அந்த நம்பர வெச்சுத்தான் அடுத்து நரம்ப சுடுவாங்க.

மறுநாள் கிளினிக்ல இருந்து போன் வந்து "இப்போ எப்படி இருக்கு?"ன்னு கேப்பாங்க. திரும்ப வலிக்குதுன்னு மட்டும் சொல்லி வெச்சுடாதீங்க, அவங்க நெகட்டிவ்னு குறிச்சுடுவாங்க. டைரிய எடுத்து முதல் சில மணி நேரத்து நம்பர படிச்சுக் காட்டுங்க, அந்த பேப்பர போட்டோ எடுத்து அனுப்புங்க, ஒரிஜினல் உங்ககிட்டயே இருக்கட்டும்.

காய்ச்சல், கை கால் பலவீனம், மூச்சுத் திணறல், தாங்க முடியாத தலைவலி, சிறுநீர் கட்டுப்பாடு போறது, இதுல எது வந்தாலும் டைரிய தூக்கிப் போட்டுட்டு எமர்ஜென்சிக்குப் போங்க.

12. அதுக்கப்புறம்

பாசிட்டிவ்னா, ரெண்டாவது பிளாக்கும் அதையே சொன்னா, அடுத்தது ரேடியோ ஃப்ரீக்வென்சி, அந்த நரம்ப சூட்டுல செயலிழக்க வைக்கிறது. வண்டி விபத்துல கழுத்து அடிபட்டவங்கள வெச்சு 1996ல நடந்த ஆய்வுல, நிஜமாவே நரம்ப சுட்டுக்கிட்டவங்களுக்கு பழைய வலியில பாதியாவது திரும்பி வர இடைநிலையா (பாதி பேருக்கு இதுக்கு முன்னாடி, பாதி பேருக்கு இதுக்கு அப்புறம்) 263 நாள் ஆச்சு, சுடாம சும்மா சுடுற மாதிரி மட்டும் பண்ணிக்கிட்டவங்களுக்கு 8 நாள். அந்த ஆய்வுல ஆளுங்க கொஞ்சம்தான், ஆனா ஒவ்வொருத்தரையும் பிளாக் போட்டு கறாரா சலிச்சுத்தான் எடுத்தாங்க. நரம்பு திரும்ப வளரும், வலி திரும்பினா மறுபடி செய்யலாம்.

நெகட்டிவ்னா அதுவும் பலன்தான், தேவையில்லாம ஒரு நரம்ப சுடாம தப்பிச்சீங்க, வேற மூட்டா, டிஸ்க்கா, தசையான்னு அடுத்து பாப்பாங்க. நடுவுல நின்னுச்சுன்னா, அதாவது பாதி குறைஞ்சு பாதி குறையல, செடேஷன் வேற எடுத்திருந்தீங்கன்னா, அவசரப்பட்டு அடுத்த கட்டத்துக்கு போகாம செடேஷன் இல்லாம ஒரு தடவை திரும்பப் போட்டுப் பாக்கலாமான்னு கேளுங்க.

ரேடியோ ஃப்ரீக்வென்சி நாளுக்கு செடேஷன் வேணுமாங்கிறது தனிக் கேள்வி. அது டெஸ்ட் இல்ல, வைத்தியம், ஊசியும் பெருசு, நேரமும் அதிகம், அதனால லேசான செடேஷன் குடுக்கிறது அங்க கொஞ்சம் சகஜம், ஆனா அங்கயும் பேசுற நிலையில இருக்கிறதுதான் பாதுகாப்பு. அதுக்கு தனி கன்சென்ட், தனி எஸ்டிமேட், தனி முன் அனுமதி. பிளாக்குக்கு வாங்கின பேப்பர வெச்சு அதுக்குப் போக முடியாது, ரெண்டு பிளாக்கோட டைரி, ரெண்டு ரிப்போர்ட்டோட காப்பி, ரெண்டுலயும் "லோக்கல் மட்டும்"னு எழுதியிருக்கான்னு பாத்து ஃபைல்ல வெச்சுட்டு அப்ளை பண்ணுங்க.